விடை தெரிந்த புதிரை மறுபடி போடுவது எப்படி?

2024 ஜூன் 25ஆம் தேதி ரிவன் என்ற புதிர் கேம் மறுபடியும் வெளியானது. 1997இல் ஐந்து சிடிகளில் வந்த அதே ரிவன்தான். ஆனால் இந்த முறை ஒவ்வொரு படமாக கிளிக் செய்து நகர வேண்டியதில்லை. நம் இஷ்டத்துக்கு நடக்கலாம், எட்டிப் பார்க்கலாம், வி.ஆர். கண்ணாடி இருந்தால் உள்ளேயே போய் நிற்கலாம். பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். ஒரு கட்சிக்கு ஒரே குறை: புதிர்களை மாற்றிவிட்டார்கள். இன்னொரு கட்சிக்கு ஒரே சந்தோஷம்: புதிர்களை மாற்றிவிட்டார்கள்.

நான் இரண்டாவது கட்சி. ஆனால் எல்லா கேமுக்கும் அல்ல. மங்கி ஐலண்ட் என்ற சிரிப்பு கேமில் யாராவது ஒரு புதிரைத் தொட்டிருந்தால் நானே கொடி பிடித்திருப்பேன். இந்த முரண்பாடு கொஞ்ச காலமாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒன்றில் மாற்றினால் சரி, இன்னொன்றில் மாற்றினால் துரோகம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் இல்லையென்றால் நான் சும்மா சின்ன வயசு ஞாபகத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றுதான் அர்த்தம். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். போகிற போக்கில் சில விடைகளையும் சொல்லிவிடுவேன். ஆடாதவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, முப்பது வருஷம் போல நேரம் கொடுத்தாயிற்று.

ரீமேக் என்றதும் நமக்கு முதலில் சினிமாதான் ஞாபகம் வரும். ஆனால் அந்த அளவுகோல் இங்கே உதவாது. கதை தெரிந்த படத்தையும் உட்கார்ந்து பார்க்கிறோம். வில்லன் யார் என்று தெரிந்தபின் அவன் வருகிற காட்சியை இன்னும் ரசிக்கிறோம். புதிர் அப்படியில்லை, விடுகதை மாதிரி. "ஓடுவான், சாடுவான், ஒற்றைக் காலில் நிற்பான், அவன் யார்?" என்று முதல் தடவை கேட்கும்போது மண்டை காயும். கதவு என்று தெரிந்துவிட்டால் அதோடு சரி. கேட்டவரே மறுநாள் வந்து அதையே இன்னும் அழகான குரலில் கேட்டாலும் நமக்கு அது விடுகதை இல்லை. புதிர் கேம்களின் ரீமேக்கில் இருக்கும் சிக்கல் முழுவதும் இதுதான். பழைய ஆட்டக்காரனுக்கு அப்படியே எடுத்துத் தருவதாகச் சொல்லித் தரும் கேமில், அவனுக்கு மிக முக்கியமான ஒன்று ஏற்கெனவே செலவாகிப்போயிருக்கும்.

சிலசமயம் மூலத்திலேயே புதிர் சரியில்லாமல் இருக்கும். கிங்ஸ் குவெஸ்ட் 1984இல் வந்தது. ரோபர்ட்டா வில்லியம்ஸ் எழுதியது, சியரா வெளியிட்டது. அதில் ஒரு குள்ளக் கிழவன் தன் பெயரைக் கண்டுபிடி என்பான். வேறோர் இடத்தில் ஒரு குறிப்பு கிடக்கும், சில நேரம் தலைகீழாக யோசிப்பது நல்லது என்று. கிரிம் சகோதரர்களின் கதையைப் படித்தவர்களுக்கு ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற பெயர் உடனே தோன்றும். குறிப்பையும் மதித்து, பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதிப் பார்ப்பார்கள். தப்பு. பெயரைத் திருப்பக் கூடாதாம், ஆங்கில எழுத்து வரிசையையே திருப்ப வேண்டுமாம். ஏ வந்தால் இசட், பி வந்தால் ஒய் என்று ஒவ்வொன்றாக மாற்றினால் வாயில் நுழையாத ஓர் எழுத்துக் குவியல் வரும். அதுதான் விடை. 1990இல் சியராவே அந்த கேமைப் புதுப் படங்களோடு மறுபடி செய்தபோது, பெயரைச் சாதாரணமாகத் திருப்பி எழுதினால் போதும் என்று இறங்கி வந்தது. அந்த ரீமேக் சரியாகப் போணியாகவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாயம் பூசுகிற வேலை என்று திட்டும் வாங்கியது. ஆனாலும் அந்தக் கிழவன் விஷயத்தில் சியரா செய்ததுதான் நியாயம். குறிப்பும் விடையும் அப்போதுதான் ஒன்றோடொன்று பேசின.

இதற்கு நேர் எதிர்க் கோடியிலும் ரோபர்ட்டா வில்லியம்ஸ்தான் நிற்கிறார். கணவர் கென் வில்லியம்ஸோடு சேர்ந்து 2023 ஜனவரியில் கொலாசல் கேவை முப்பரிமாணத்தில் கொண்டுவந்தார். மூலம், சாகச கேம்களுக்கெல்லாம் பாட்டன். கென்டக்கியின் மாமத் குகையில் நிஜமாகவே தவழ்ந்து திரிந்த வில் க்ரௌதர் எழுதி, 1977இல் டான் வுட்ஸ் விரித்து எழுதியது. படம் கிடையாது, எழுத்து மட்டும். 2023 வடிவம் அந்த மூலத்துக்கு அவ்வளவு பணிவாக இருக்கிறது. அதே குகை அமைப்பு, அதே பொருள்கள், அதே 350 புள்ளிகள். பழைய வரிகளைக்கூட ஒருவர் வாசித்துக் காட்டுகிறார்.

பணிவு எங்கே உதைக்கிறது என்றால், டிராகனிடம். எழுத்து வடிவத்தில் ஒரு டிராகன் வழியை மறித்துப் படுத்திருக்கும். கோடரியை எறிந்தாலும் அசையாது. டிராகனைக் கொல் என்று தட்டச்சு செய்தால், "எதைக் கொண்டு? வெறுங்கையாலா?" என்று கேம் நக்கலாகக் கேட்கும். எல்லாரும் அதை வசவாக எடுத்துக்கொண்டு வேறு ஆயுதம் தேடப் போவார்கள். விடை என்னவென்றால், ஆமாம் என்று தட்டச்சு செய்வதுதான். உடனே, வாழ்த்துகள், வெறுங்கையால் ஒரு டிராகனைக் கொன்றுவிட்டாய், நம்பவே முடியவில்லை இல்லையா என்று வரும். எனக்குத் தெரிந்த புதிர் நகைச்சுவைகளில் இதுதான் முதலிடம். ஆனால் அது முழுக்க முழுக்க வெற்றுத் திரையிலும் விசைப்பலகையிலும் வாழ்கிற நகைச்சுவை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று நமக்கே தோன்ற வேண்டும். மவுஸால் சுட்டும் கேமில் பதிலுக்கு ஒரு பட்டன் வைத்தால் அந்தப் பட்டனே விடையைச் சொல்லிவிடும். வைக்காவிட்டால் உரையாடலே இல்லை. பொருள், இடம், புள்ளி எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்து வைத்தும் புதிரைப் பெயர்க்க முடியவில்லை. அந்த வளைந்து நெளியும் பாதைகளின் புதிர்வழியும் இதே கதைதான். எல்லா அறைக்கும் ஒரே வாக்கியம் வரும்போதுதான் பயம். கையில் இருக்கும் சாமான்களை அறைக்கொன்றாகப் போட்டு அடையாளம் வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றும். கண்ணால் பார்த்து நடக்கிற குகையில் அந்த நெருக்கடி வருவதில்லை.

சரி, எங்கே அப்படியே வைப்பது பலிக்கிறது? சிரிக்க வைக்கிற கேம்களில். 2009இல் வந்த மங்கி ஐலண்ட் சிறப்புப் பதிப்பில் எஃப்10 விசையைத் தட்டினால் புது ஓவியம் போய், அதே இடத்தில், அதே நொடியில், 1990இன் கட்டம் கட்டமான படம் வந்துவிடும். மறுபடி தட்டினால் புதுசு. அந்த விசையைத் தட்டித் தட்டிப் பார்த்ததில் பாதி நேரம் போயிற்று எனக்கு. (புதுப் பதிப்பில் நாயகன் கைப்ரஷின் தலைமுடியை யார் அப்படி வரைந்தார்களோ தெரியவில்லை, பழைய படத்துக்கே ஓடிவிடத் தோன்றும்.) 2016இல் டபுள் ஃபைன் செய்த டே ஆஃப் தி டென்டக்கிள் இன்னும் கச்சிதம். ஒரு கோட்டின் வளைவைக்கூட மாற்றாமல் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். மூல கேமுக்குள் ஓர் அறையில் இருக்கும் கணினியில் அதற்கு முந்தைய கேமான மேனியாக் மேன்ஷனை முழுசாக ஆடலாம். ரீமாஸ்டரிலும் அது அப்படியே இருக்கிறது.

இவற்றில் புதிரைத் தொடாததால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. மங்கி ஐலண்டில் வாளைவிட வசவால் போடும் வாள் சண்டையில் எந்த வசவுக்கு எந்தப் பதில் என்று எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்தச் சண்டையை மறுபடி போடுகிறேன், ஏனென்றால் அங்கே புதிர் ஒரு சாக்கு. வசவுதான் சரக்கு. சாக்கை மாற்றினால் சரக்கு சிந்திவிடும். ஒவ்வொரு நகைச்சுவையும் அடுத்ததைத் தாங்கி நிற்கிற மாதிரி எழுதப்பட்ட கேம் அது. நடுவில் ஒரு செங்கல்லை உருவினால் எழுதியவரின் நேரக்கணக்கு கெட்டுவிடும்.

கிரிம் ஃபண்டாங்கோவின் 2015 ரீமாஸ்டர் இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறது. 1998இன் மூலத்தில் நாயகன் மான்னி கலவெராவை டாங்கி ஓட்டுகிற மாதிரி ஓட்ட வேண்டும். இடம் வலம் அழுத்தினால் நின்ற இடத்தில் திரும்புவான், மேலே அழுத்தினால் நடப்பான். சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நடக்கும் அந்த எலும்புக்கூட்டைச் சபிக்காதவர்கள் இல்லை. ரீமாஸ்டரில் சுட்டி நடக்கிற வசதி வந்தது. முதலில் ஒரு ரசிகர் தன் ஆசைக்குச் செய்து வைத்திருந்ததையே தழுவிக்கொண்டார்கள். கூடவே, பழைய டாங்கி முறையிலேயே முழு கேமையும் முடிப்பவர்களுக்கு ஒரு கோப்பையும் வைத்தார்கள். அந்தக் குறும்பு எனக்குப் பிடித்தது. ஆனால் பின்னணிப் படங்களை மறுபடி வரையவில்லை, பாத்திரங்கள் மட்டும் பளபளவென்று வருகிறார்கள். மங்கலான ஓட்டலில் தெளிவான ஆட்கள். புதிர்களோ, அந்தக் காலத்திலேயே முரட்டுத்தனமாக இருந்தவை, முரட்டுத்தனமாகவே இருக்கின்றன. வசனத்துக்காக மன்னித்துவிடலாம்.

இனி ரிவனுக்கு முந்தைய பாகமான மிஸ்டுக்கு வருவோம். 1993இல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் மெக்கின்டாஷில் ஹைப்பர்கார்ட் என்ற மென்பொருளை வைத்துக் கட்டிய உலகம். ஹைப்பர்கார்ட் என்பது அடிப்படையில் அட்டைகளின் அடுக்கு. ஓர் அட்டையில் ஒரு படம், கிளிக் செய்தால் அடுத்த அட்டை. அப்போதைய சிடி டிரைவ் ஆமை வேகம் என்பதால் எந்தப் படம் தட்டில் எங்கே இருக்க வேண்டும் என்பதைக்கூட யோசித்து வைக்க வேண்டியிருந்தது. 2002இல் தி சிம்ஸ் முந்தும்வரை உலகிலேயே அதிகம் விற்ற கணினி கேம் இதுதான். அப்புறம் அவர்கள் நிறுவனமான சயான் இதை எத்தனை தடவை மறுபடி விற்றது என்று கேட்டால் சிரிப்புதான் வரும். வண்ணத்தைத் தெளிவாக்கிய மாஸ்டர்பீஸ் பதிப்பு, 2000இல் முதல்முறையாக நடந்து திரிய விட்ட ரியல்மிஸ்ட், 2014இல் அதற்கும் ஒரு மாஸ்டர்பீஸ், 2020 டிசம்பரில் வி.ஆருக்காக அடியிலிருந்து கட்டிய புதுசு, அடுத்த ஆண்டு அதுவே கணினிக்கு.

இத்தனையிலும் புதிர் ஒன்றுதான். அதனால் மிஸ்ட் எனக்கு ஒவ்வொரு தடவையும் சுற்றுலா. கையில் வழிகாட்டிப் புத்தகம் வைத்துக்கொண்டு, இங்கேதான் கோபுரம் திரும்பும், இங்கேதான் கப்பல் மேலே வரும் என்று பார்த்துக்கொண்டு போவது. மூலத்தில் ஒரு குறிப்பிட்ட கணப்பு அடுப்பின் விடை தெரிந்தால் ஆரம்பித்த சில நிமிடங்களில் முடிவுக்கே போய்விடலாம். வேகமாக ஆடிக் காட்டுகிறவர்களுக்கு அது வசதி, எனக்கு அது துக்கம்.

இந்த இடத்தில் 2020 பதிப்பு ஒரு நல்ல காரியம் செய்தது. வேண்டுமென்றால் விடைகளைக் கலைத்துப் போடலாம் என்று ஒரு தேர்வு. எண்களும் குறியீடுகளும் ஒவ்வோர் ஆட்டத்திலும் மாறும். இது பாதிதான் உதவியது என்பது என் கருத்து. ஏன் என்று ஒரு புதிரை வைத்துச் சொல்கிறேன். மெக்கானிக்கல் என்ற காலத்தில் (மிஸ்டில் தனித்தனி உலகங்களைக் காலம் என்பார்கள்) ஒரு கோட்டை சுழலும். ஒவ்வொரு திசையிலும் வந்து நிற்கும்போது ஓர் ஒலி கேட்கும். வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று. நாம் அதைச் சும்மா இயந்திரச் சத்தம் என்று விட்டுவிடுவோம். பின்னால் செலனிட்டிக் என்ற வேறொரு காலத்தில், பூமிக்கடியில் ஒரு வண்டி, கிளை கிளையாகப் பிரியும் சுரங்கம். ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டி ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் போகவேண்டிய திசை. கோட்டையில் கேட்டதை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறவன் ஐந்து நிமிடத்தில் வெளியே வருவான். பொருத்தாதவன் காகிதத்தில் வரைபடம் போட்டுப் போட்டுத் தாடி வளர்ப்பான். சுரங்கத்தின் வழிகளை எவ்வளவு கலைத்தாலும், சத்தம்தான் திசை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் செலவானது அந்த எண்ணும் திசையும் இல்லை, இரண்டையும் சேர்த்த அந்தப் பொறி. பொறியைக் கலைத்துப் போட கணினியால் முடியாது. யாராவது உட்கார்ந்து வேறு பொறியை யோசிக்க வேண்டும்.

ரிவனில் சயான் அப்படித்தான் உட்கார்ந்து யோசித்தது. மூலத்தை ராபின் மில்லரோடு சேர்ந்து வடிவமைத்த ரிச்சர்ட் வாண்டர் வெண்டேயும் ரீமேக்கில் கைகொடுத்தார் என்பது முக்கியம். பிள்ளையைப் பெற்றவரே பெயர் மாற்றுகிறார், ஊரார் என்ன சொல்வது?

மூல ரிவனை நான் ஆடியது சித்தப்பா வீட்டில். கணினி அங்கேதான் இருந்தது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் சிடியை மாற்றச் சொல்லும். மாற்றுவது அண்ணன் வேலை, நோட்டில் எழுதுவது என் வேலை. நான் எழுதியதை அவர் நம்ப மாட்டார், "நல்லாப் பாத்தியாடா தம்பி?" என்று மறுபடி தீவுக்கே போவார், மறுபடி சிடி. அந்த நோட்டில் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிற பக்கம் எண்களின் பக்கம்.

காட்டுத் தீவில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் யாரும் இல்லை. மேசைமேல் ஒரு பொம்மை. இரண்டு பக்கமும் சின்ன மனித உருவம் தொங்கும், கீழே வாயைப் பிளந்தபடி வார்க் என்ற கடல் பிராணி. பிடியைச் சுற்றினால் ஒரு சதுரக் குறி வந்து நிற்கும், மனிதன் சில படி கீழே இறங்குவான். எத்தனை படி என்று எண்ணினால் அந்தக் குறியின் மதிப்பு. இறங்கி இறங்கி அடிக்கு வந்தால் வார்க் கவ்விவிடும். இப்படித்தான் ஒன்றிலிருந்து பத்து வரை கற்றுக்கொள்கிறோம். நான்குக்கு மேல் புதுக் குறி இல்லை, பழைய குறியைக் கால்வாசி திருப்பினால் ஐந்தின் மடங்கு என்பதைக் கொஞ்ச நேரம் முறைத்தால் புரியும். பத்துக்கு மேல் பொம்மை சொல்லித் தராது, நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அது ஒரு சந்தோஷம். பிறகு அதே தீவில், நீருக்கு மேலே உயரமாக ஒரு நிஜத் தூக்குமேடையைப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு இங்கே கணக்கோடு சேர்த்து எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அப்போது உறைக்கும். தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டு இந்த மக்களை ஆளும் கென் என்ற மனிதனை நாம் அதுவரை சந்தித்தே இருக்க மாட்டோம். ஒரு வசனம் இல்லாமல் அவனைத் தெரிந்துகொள்கிறோம்.

ரீமேக்கில் இந்தப் பொம்மை போயிருந்தால் நான் முதல் கட்சிக்குத் தாவியிருப்பேன். போகவில்லை. இருக்கிறது. ஆனால் அதைக் கற்றுக்கொண்டு மிதப்பில் திரிகிற பழைய ஆளுக்கு வேறொன்று காத்திருக்கிறது. ஆண்டவனின் எண்முறை ஒன்று, அந்தத் தீவு மக்களின் சொந்த எண்முறை ஒன்று. இரண்டாவதை நான் எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை. முதல் தடவை அந்தக் குறிகளைப் பார்த்தபோது, தெரிந்த ஊரில் தெரியாத தெரு வந்த மாதிரி நின்றேன். அதுமட்டுமல்ல, கதைக்கும் அது பொருந்துகிறது. வெளியிலிருந்து வந்தவன் தன் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் திணிக்கிறான் என்றால் அந்த மக்களுக்கென்று ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும் இல்லையா? 1997இல் யாரும் கேட்காத கேள்விக்கு 2024இல் புதிரால் பதில் சொல்கிறார்கள். விலங்குப் படம் உள்ள கற்களில் சரியானவற்றை அழுத்தும் புதிரையும் நெருப்புக் கோலிகள் புதிரையும்கூடத் திருத்தி அமைத்திருக்கிறார்கள். நான் நேரே போய்ப் பழைய ஐந்து விலங்குகளை அழுத்திவிட்டு ஜம்பமாக உட்கார முடியவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூல ரிவனிலேயே தங்கக் கோளங்களைத் திறக்கும் எண்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். எங்கிருந்தாவது எண்ணை மட்டும் எழுதிவந்து திறந்துவிட முடியாது, குறிகளைப் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். விடை முக்கியமில்லை, விடைக்குப் போகும் படிப்புதான் முக்கியம் என்று அவர்கள் அப்போதே முடிவெடுத்திருந்தார்கள். ரீமேக் அந்தக் கொள்கையை இன்னொரு படி தள்ளிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

போனதும் உண்டு. பழைய ரிவனில் ஒவ்வொரு படமும் ஒருவர் உட்கார்ந்து சட்டகம் போட்ட படம். எங்கே நின்று எதைப் பார்ப்போம் என்பது அவர்கள் கையில். அதனால் ஒளித்து வைப்பதும் அவர்களுக்குச் சுலபம். கோயில் தீவில் பூட்டுப் போட்ட ஒரு கதவு வரும். பூட்டுக்குச் சாவி தேடி ஊரெல்லாம் அலைவோம். விடை, கதவின் அடியில் இருக்கும் இடைவெளியில் கிளிக் செய்து தவழ்ந்து போவது. கொதிகலன் தீவில் ஒரு சுரங்கப் பாதை, அதில் இரட்டைக் கதவு. திறந்துகொண்டு போய்விடுவோம். அந்தக் கதவுகளைத் திரும்பச் சாத்தினால்தான், திறந்த கதவு மறைத்துக்கொண்டிருந்த சுவரில் இரண்டு பக்கமும் வழி இருப்பது தெரியும். திறந்த கதவைச் சாத்துவதாவது, எந்த கேமில் யார் செய்வார்கள்? கழுத்தைத் திருப்பி நாலாபக்கமும் பார்க்கிற வசதி வந்தபின் இந்த வகை ஏமாற்று பாதி பலம் இழக்கிறது. தரமான முப்பரிமாணம் கொடுக்கிற சுதந்திரத்துக்கு இது விலை. நான் கொடுக்கத் தயார், ஆனால் விலையே இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதைவிடப் பெரிய இழப்பு முகங்கள். மூலத்தில் கென்னாக வந்தவர் ஜான் கெஸ்டன் என்ற மேடை நடிகர். கூண்டுக்கு வெளியே நின்று குழாய் பற்றவைத்துக்கொண்டு, தாத்தா மாதிரி இதமாகப் பேசுவார். நல்லவர்தானோ என்று ஒரு கணம் நமக்கே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம்தான் நடிப்பு. அவர் 2022இல் காலமானார். ரீமேக் அவருடைய பழைய குரலையே வைத்துக்கொண்டு, உடலை முப்பரிமாண உருவமாக்கியிருக்கிறது. மரியாதையான முடிவு, செய்தவர்கள் கைத்திறனும் குறைவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணில் ஓடிய கணக்கு உருவத்தின் கண்ணில் ஓடவில்லை. நடந்து சுற்றிப் பார்க்கிற உலகத்தில் தட்டையான வீடியோவை ஒட்ட முடியாது என்ற தொழில்நுட்பக் காரணம் புரிகிறது. 2020 மிஸ்டிலும் இதே தகராறு. புத்தகத்துக்குள் சிக்கிய சிரஸ், ஆக்கெனார் இருவரையும் மூலத்தில் மில்லர் சகோதரர்களே நடித்திருந்தார்கள். அவர்கள் இடத்தில் பொம்மை முகங்கள் வந்ததும் கூச்சல் எழுந்தது, பிறகு பழைய வீடியோவையே தேர்ந்துகொள்ளும் வசதி வந்தது. புத்தகப் பக்கத்தில் தெரியும் சின்னச் சதுரம் என்பதால் அங்கே அது முடிந்தது.

ஆக, நான் புதிரில் மாற்றம் கேட்கிறேன், நடிப்பில் அப்படியே வேண்டும் என்கிறேன். மங்கி ஐலண்ட் கணக்கும் இதுதான் என்று இதை எழுதும்போதுதான் பிடிபடுகிறது. நிகழ்த்தப்பட்டது எதுவோ, அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கண்டுபிடிக்க வேண்டியது எதுவோ, அதை ஒரு தடவைக்கு மேல் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதுதான். அவ்வளவு புதுப் புதிர் வேண்டுமென்றால் புது கேம் செய்யட்டுமே, பழைய பெயர் எதற்கு? சயான் புது கேமும் செய்து பார்த்தது. 2016இல் ஆப்டக்‌ஷன், 2023இல் ஃபர்மமெண்ட். முதலாவது எனக்குப் பிடிக்கும். இரண்டாவதில் உலகம் அழகு, புதிரெல்லாம் ஒரே கருவியை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் ஏறக்குறையப் பாதி ஊழியர்களை அனுப்ப வேண்டிய நிலைக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பழைய பெயர் எதற்கு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. மீதிப் பாதி, ரிவன் என்ற இடம். அந்தத் தீவுகளில் ஒரு குழாய் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதற்குக்கூடக் காரணம் இருக்கும். அப்படியொரு இடத்தைப் புதிதாகக் கட்ட எத்தனை ஆண்டு ஆகுமோ. கட்டி வைத்த இடத்தில் புதுக் கேள்வி கேட்பது எனக்குக் குறுக்குவழியாகப் படவில்லை.

ரசிகர்கள் அந்த இடத்தின்மேல் வைத்த பிரியமும் சாதாரணம் இல்லை. ஸ்டாரி எக்ஸ்பான்ஸ் என்ற பெயரில் ஒரு குழு பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் ரிவனை முப்பரிமாணத்தில் அங்குலம் அங்குலமாகப் படியெடுத்துக்கொண்டிருந்தது. மூலத்தில் எங்கே நின்று பார்த்தால் எது தெரியுமோ அது அப்படியே தெரிய வேண்டும் என்பது அவர்கள் வெறி. 2022இல் சயான் தானே ரிவனைச் செய்யப்போவதாக அறிவித்தபோது அந்தக் குழு ஒதுங்கி வழிவிட்டது. அவர்கள் முடித்திருந்தால் நாம் பெற்றிருக்கக்கூடியது அணு பிசகாத நகல். அதையும் நான் வாங்கியிருப்பேன், ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்திருப்பேன். நோட்டை எடுத்திருக்க மாட்டேன்.

என் அக்கா மகனுக்கு 2024 ரிவன்தான் முதல் ரிவன். முடித்துவிட்டான், பாதி இடத்தில் யூடியூப் பார்த்தான் என்று எனக்குச் சந்தேகம். இப்போது 1997 பதிப்பை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். ஜிஓஜி, ஸ்டீம் என்ற இணையக் கடைகள் இரண்டிலும் கிடைக்கிறது, பழைய கணினி தேவையில்லை, சிடியும் மாற்ற வேண்டாம். அவனுக்கு எல்லாம் தலைகீழ். தெரிந்த தீவுகள், ஆனால் கற்கள் இருக்கும் அறையில் அவன் படித்த படிப்பு செல்லுபடியாகவில்லை. "ஏன் மாமா இதுல திரும்பிப் பாக்கவே முடியல?" என்று ஒரு மணி நேரம் புலம்பினான். பிறகு சத்தத்தைக் காணோம், போய்ப் பார்த்தால் ஒரு மரக் கண் உருண்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அது எழுப்பும் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை, எதை முதலில் ஆடினாலும் இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். ஆனால் விடையை வரிசையாகச் சொல்லித்தரும் வாக்த்ரூ பக்கம் போனால் இரண்டும் போச்சு.

அடுத்து மிஸ்டின் மூன்றாம் பாகமான எக்ஸைல் யார் கையிலாவது மாட்டும் என்று நினைக்கிறேன். 2001இல் பிரஸ்டோ ஸ்டூடியோஸ் செய்தது. செய்வதாக இருந்தால் என் விண்ணப்பம் இது. அமட்டேரியா என்ற உலகத்தில் பந்து உருளும் தண்டவாளங்களையெல்லாம் பிரித்துப் போட்டு வேறு மாதிரி கட்டுங்கள், எதிர்ப்பே இல்லை, அந்த விடைகள் என் மண்டையிலிருந்து போகவே மாட்டேன் என்கின்றன. சவேத்ரோவாக வந்து கதறிய பிராட் டூரிஃபை மட்டும் பொம்மையாக்காதீர்கள். படச்சுருள் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.